ஃபுளோரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ் (திரைப்படம், 2016)

ஃபுளோரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ் என்பது, பாடும் திறமை சிறிதும் வாய்க்காத, ஆனால் இசையின்மீது தணியாத பற்றுக் கொண்டிருந்த அதே பெயருடைய அமெரிக்கச் சீமாட்டியின் இறுதி மாதங்களைச் சித்திரிக்கும் ஆங்கிலத் திரைப்படமாகும். நிக்கோலஸ் மார்ட்டின் எழுதிய திரைக்கதையை ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் இயக்க, மெரில் ஸ்ட்ரீப் ஃபுளோரன்ஸாகவும், ஹியூ கிராண்ட் அவருடைய துணைவர் செயின்ட் கிளேர் பேஃபீல்டாகவும், சைமன் ஹெல்பெர்க் பியானோ பக்கவாத்தியக்காரர் காஸ்மே மக்மூனாகவும் நடித்த இப்படம், 2016 ஏப்ரல் 23 அன்று பெல்ஃபாஸ்ட் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, மே 6 அன்று பிரிட்டனிலும் ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவிலும் வெளியிடப்பட்டது.

உண்மையில் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை எடுத்துக்கொண்டு, சிரிப்பையும் துயரத்தையும் ஒன்றை ஒன்று விழுங்கிவிடாதபடி நடத்திச் செல்லும் படங்களை வாழ்க்கை வரலாற்று நகைச்சுவை நாடகப் படங்கள் என்பர். வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் பெரும்பாலும் சாதனையாளர்களையே நாடிச் செல்பவை. அவற்றின் கதைப்போக்கு, வறுமையிலோ புறக்கணிப்பிலோ தொடங்கி உலகம் திறமையை ஒப்புக்கொள்ளும் இடத்தில் முடியும். திறமையே இல்லாதவரை நாயகராகக் கொள்ளும்போது அந்தக் கதைப்போக்கு பயன்படாமல் போய்விடுகிறது. எனவே இவ்வகைப் படங்கள் வேறொரு கேள்வியைக் கையிலெடுக்க வேண்டியிருக்கிறது: ஒருவருக்குத் தம் குறை தெரியாதிருக்கும்போது, அதை அறிந்த சுற்றத்தார் என்ன செய்கிறார்கள்? மிக மோசமான படங்களை எடுத்தவர் என்று பெயர் வாங்கிய எட் வுட்டைப் பற்றி டிம் பர்ட்டன் 1994இல் எடுத்த படம் இக்கேள்வியைத் திரைத்துறைக்குள் வைத்துக் கேட்டது. ஃப்ரியர்ஸின் படம் அதை இசை அரங்குக்குக் கொண்டுசென்றது.

ஃபுளோரன்ஸின் வாழ்க்கை

நார்சிசா ஃபுளோரன்ஸ் ஃபாஸ்டர், பென்சில்வேனியா மாநிலத்தின் வில்க்ஸ்-பாரே நகரில் 1868 ஜூலை 19 அன்று பிறந்தார். தந்தை சார்லஸ் டோரன்ஸ் ஃபாஸ்டர் வழக்கறிஞர், பெரும் நிலவுடைமையாளர். ஃபுளோரன்ஸ் சிறு வயதிலேயே பியானோ கற்றுத் தேர்ந்து, பொது நிகழ்ச்சிகளில் வாசித்துப் பெயர் பெற்றார். குடியரசுத் தலைவர் ஹேய்ஸின் காலத்தில் வெள்ளை மாளிகையிலும் வாசித்தார் என்று கூறப்படுகிறது. பிற்காலத்தில் அவருடைய குரலைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர் அறியாத செய்தி இது. அவர் இசையறிவே இல்லாதவர் அல்லர். முறையான பயிற்சியும் கைத்திறனும் உள்ள வாத்தியக் கலைஞராகவே தம் வாழ்க்கையைத் தொடங்கியவர்.

ஐரோப்பாவுக்குச் சென்று இசை பயில விரும்பிய மகளுக்குச் செலவிட மறுத்த தந்தையோடு பிணங்கி, பதின்ம வயதிலேயே ஃபிராங்க் தார்ன்டன் ஜென்கின்ஸ் என்ற மருத்துவருடன் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போய் அவர் மணம் செய்துகொண்டார். அந்தக் கணவரிடமிருந்தே மேகநோய் (சிபிலிஸ்) அவரைத் தொற்றியது. அதை அறிந்தபின் ஃபுளோரன்ஸ் கணவரை விட்டுப் பிரிந்துவிட்டார்; ஆயினும் அவருடைய குடும்பப் பெயரை இறுதிவரை வைத்துக்கொண்டார். பெனிசிலின் வருவதற்கு முந்திய அக்காலத்தில் இந்நோய்க்குப் பாதரசமும் ஆர்சனிக்கும் கலந்த மருந்துகளே கொடுக்கப்பட்டன. அந்நோயும் மருந்தும் சேர்ந்து அவருடைய செவிப்புலனையும் நரம்புகளையும் பாதித்திருக்கக்கூடும் என்று பின்னாளில் சிலர் ஊகித்துள்ளனர். பியானோ கற்றுக்கொடுத்துப் பிழைத்துவந்த காலத்தில் கையில் ஏற்பட்ட காயம் அவருடைய வாத்திய வாழ்க்கையையும் முடித்துவைத்தது. விரல்கள் கைவிட்டபின் குரலை நாடியவர் அவர் என்பதை மனத்தில் கொண்டால்தான், பின்னர் நிகழ்ந்தவற்றின் பொருள் விளங்கும்.

1909இல் தந்தை காலமானபோது பெரும் சொத்து அவருக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டில், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் துணைப் பாத்திரங்களை ஏற்று நடித்துவந்த ஆங்கில நடிகர் செயின்ட் கிளேர் பேஃபீல்டை அவர் சந்தித்தார். இந்தியாவின் தலைமை ஆளுநராக 1842 முதல் 1844 வரை இருந்த எல்லன்பரோ பிரபுவின் வழியில், முறையான திருமண உறவுக்கு வெளியே வந்த வாரிசு பேஃபீல்டு. பிரபுக் குலத்தின் நடையுடை பாவனைகள் இருந்தும் அதன் செல்வத்தில் பங்கில்லாதவர். சட்டப்படி மணம் செய்துகொள்ளாமலே இருவரும் 35 ஆண்டுகள் துணைவர்களாக இருந்தனர். பேஃபீல்டு அவருடைய நிகழ்ச்சிகளின் நிர்வாகியாகவும் செயல்பட்டார்.

நியூயார்க்கில் அந்நாளில் செல்வச் சீமாட்டிகள் நடத்திய இசைச் சங்கங்கள் பல இருந்தன. ஃபுளோரன்ஸ் அவற்றில் பலவற்றுக்கு ஆதரவளித்ததோடு, 1917இல் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் பெயரால் வெர்டி கிளப் என்ற சங்கத்தைத் தாமே நிறுவினார். இச்சங்கத்தின் விழாக்களில், புகழ்பெற்ற ஓவியங்களையும் வரலாற்றுக் காட்சிகளையும் மேடையில் ஆட்கள் அசையாமல் நின்று காட்டும் உயிரோவியக் காட்சிகள் இடம்பெற்றன. அவற்றின் இறுதியில் எப்போதும் ஃபுளோரன்ஸே தோன்றுவார். ஹோவர்டு சாண்ட்லர் கிறிஸ்டியின் ஓவியம் ஒன்றைப் பின்பற்றி, முதுகில் பெரிய இறக்கைகளுடன் அவர் நிற்கும் நிழற்படம் இன்றும் அவருடைய அடையாளமாக விளங்குகிறது.

1912இல் பாடத் தொடங்கிய அவர், ஆண்டுதோறும் ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டலின் நடனக் கூடத்தில் பாட்டுக் கச்சேரி நடத்தினார். இந்தக் கச்சேரிகளின் ஏற்பாட்டு முறை கவனிக்கத்தக்கது. நுழைவுச்சீட்டுகள் கடைகளில் விற்கப்படவில்லை. வேண்டியவர்கள் ஃபுளோரன்ஸிடமே கேட்டுப் பெற வேண்டும். வந்தவர்கள் சங்க உறுப்பினர்கள், நண்பர்கள், அவருடைய கொடையால் பயன்பெற்றவர்கள் ஆகியோரே. பத்திரிகைகளின் இசை விமர்சகர்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. சிரிப்பை அடக்க முடியாதவர்கள் கைதட்டலின் ஓசைக்குள் அதை மறைத்துக்கொண்டனர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஏற்பாடு குலையாமல் நடந்தது என்றால், அதற்குப் பணம் ஒரு காரணம். அன்பும் ஒரு காரணம். இரண்டையும் பிரித்தெடுப்பது கடினம் என்பதே இந்த வரலாற்றின் சுவை.

குரலின் இயல்பும் பாடல் தேர்வும்

ஃபுளோரன்ஸின் குறைபாட்டை விளங்கிக்கொள்ள, அவர் தேர்ந்தெடுத்த பாடல்களின் தன்மையை அறிய வேண்டும். பெண் குரல்களில் மிக உயர்ந்த தாயியில் ஒலிப்பது சோப்ரானோ. அதிலும், நம் பிருகாக்களைப் போல விரைந்து உருளும் சுரக்கோவைகளையும், துண்டு துண்டாகத் தெறிக்கும் உச்சச் சுரங்களையும் பிசிறின்றிப் பாடும் குரல் கோலரட்டூரா எனப்படும். இதற்கு இயற்கை தந்த குரல்வளமும் பல்லாண்டுச் சாதகமும் ஒருங்கே தேவை. எளிய பாடல்களைப் பாடியிருந்தால் ஃபுளோரன்ஸ் ஒரு சுமாரான வீட்டுப் பாடகி என்ற அளவோடு மறக்கப்பட்டிருப்பார். அவரோ, தேர்ந்த பாடகிகளே அஞ்சும் பாடல்களைத்தான் விரும்பிப் பாடினார்.

மொசார்ட்டின் மாயப் புல்லாங்குழல் என்ற இசைநாடகத்தில் (ஓப்பரா, 1791) இரவின் அரசி, தன் மகளிடம் கத்தியைக் கொடுத்துப் பகைவனைக் கொல்லுமாறு ஆணையிட்டுப் பாடும் பாடல் அவற்றுள் ஒன்று. சினம் தலைக்கேறிய ஒருத்தியின் குரல் சொற்களைக் கடந்து வெறும் சுரங்களாகச் சிதறி, உச்ச எஃப் என்ற சுரத்தைத் தொட்டுத் தொட்டு மீளும் இடம் இப்பாடலின் உயிர்நிலை. ஃபுளோரன்ஸின் ஒலிப்பதிவில், தெறிக்க வேண்டிய சுரங்கள் ஒன்றோடொன்று இழைந்து குழைகின்றன; உச்சச் சுரம் இருக்க வேண்டிய இடத்தில் அதற்குக் கீழே எங்கோ ஒரு கூவல் கேட்கிறது; மூச்சு தீரும் இடங்களில் தாளம் நின்று காத்திருக்கிறது. பியானோவோ ஒரு கணமும் அவரைக் கைவிடவில்லை. அவர் தாமதித்தால் தாமதிக்கிறது, தாவினால் தாவிப் பிடிக்கிறது. பாடுபவரின் பிழையைக் கேட்பவர் செவிக்கு இயன்றவரை மூடிக்காட்டும் பக்கவாத்தியக் கலைக்கு இந்தப் பதிவு ஒரு நல்ல பாடம்.

மற்றொன்று, பிரெஞ்சு இசையமைப்பாளர் லியோ தெலீப் 1883இல் பாரிஸில் அரங்கேற்றிய லாக்மே என்ற இசைநாடகத்தின் மணிப்பாட்டு. ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில் நடப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட இக்கதையில், நீலகண்டன் என்ற பிராமணப் பூசாரி, புனித இடத்துக்குள் அத்துமீறி நுழைந்த ஆங்கில அதிகாரியைக் கண்டுபிடிப்பதற்காக, தன் மகளைச் சந்தைத் திடலில் பாடவைக்கிறான்; அவள் குரல் மணியோசையைப் போல ஒலித்து உயரே செல்கிறது. 1952இல் டாட்டா நிறுவனம் தொடங்கிய ஒப்பனைப் பொருள்களுக்கு லாக்மே என்ற பெயர் இந்த இசைநாடகத்திலிருந்தே வந்தது. ஃப்ரியர்ஸின் படத்தில் இப்பாடல் கதைத் திருப்பமாகவே பயன்படுகிறது: கார்னகி அரங்கில் லில்லி பான்ஸ் என்ற புகழ்பெற்ற சோப்ரானோ (படத்தில் ரஷ்யப் பாடகி ஐடா கரிஃபுல்லினா) அதைப் பாடக் கேட்டு நெகிழும் ஃபுளோரன்ஸ், மீண்டும் பாட்டுப் பயிற்சியைத் தொடங்க முடிவுசெய்கிறார்.

1941 ஒலித்தட்டுகளும் 1944 கச்சேரியும்

1941இல் ஃபுளோரன்ஸ் தம் சொந்தச் செலவில், நியூயார்க்கின் மெலட்டோன் ஒலிப்பதிவுக் கூடத்தில் 9 உருப்படிகளை, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் 5 தட்டுகளில் பதிவுசெய்தார். ஒத்திகையோ குரல் சோதனையோ வேண்டாமென்று கூறிவிட்டு நேரே பாடினார் என்றும், பின்னர் இரவின் அரசியின் பாடலில் ஒரே ஒரு சுரம் மட்டும் தமக்கு உறுத்தலாக இருப்பதாகக் கவலை தெரிவித்தார் என்றும் ஒலிப்பதிவுக் கூடத்தினர் வழியாக வந்த செய்தி கூறுகிறது. நண்பர்களுக்காக எடுக்கப்பட்ட இந்தத் தட்டுகள் கைமாறிக் கைமாறி, அவரை அறியாதவர்களின் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

1944 அக்டோபர் 25 அன்று, தம் 76ஆம் வயதில், அவர் கார்னகி அரங்கில் பாடினார். ஏறத்தாழ 2,800 இருக்கைகள் கொண்ட அந்த அரங்கின் நுழைவுச்சீட்டுகள் பல வாரங்களுக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. இடம் கிடைக்காமல் சுமார் 2,000 பேர் திரும்பியதாகக் கூறப்படுகிறது. இசையமைப்பாளர்கள் கோல் போர்ட்டர், ஜான் கார்லோ மெனோட்டி, பாடகி லில்லி பான்ஸ் முதலியோர் வந்திருந்தனர். ஆனால் முப்பது ஆண்டுக் காவல் அன்று உடைந்தது. பொதுமக்களுக்குச் சீட்டு விற்ற கச்சேரிக்கு விமர்சகர்கள் வருவதைத் தடுக்க வழியில்லை. நியூயார்க் போஸ்ட் நாளிதழின் ஏர்ல் வில்சன் உள்ளிட்டோரின் எழுத்துகள் மறுநாள் இரக்கமின்றி வெளிவந்தன. சில நாள்களில், ஷிர்மர் இசைக் கடையில் இருந்தபோது ஃபுளோரன்ஸுக்கு மாரடைப்பு ஏற்பட்டது. நவம்பர் 26 அன்று அவர் இறந்தார். விமர்சனங்கள் அவரைக் கொன்றன என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. முதுமையும் நெடுநாள் நோயும் உள்ள ஒருவரின் சாவுக்கு அப்படி ஒற்றைக் காரணம் காட்டுவது பொருந்தாது. எனினும், அவர் தம்மைப் பற்றி முதன்முறையாக மறைப்பின்றிப் படித்த சொற்கள் அவையாகவே இருந்திருக்கக்கூடும்.

கேலியிலிருந்து பரிவுக்கு

ஃபுளோரன்ஸின் மறைவுக்குப்பின் எஞ்சியது குரல் மட்டுமே. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1954இல் அவருடைய பதிவுகளை நெடுந்தட்டாக வெளியிட்டது. 1962இல் மீண்டும் வெளியிட்டபோது, மனிதக் குரலின் மகிமை என்று பொருள்படும் தலைப்பின் நடுவே நான்கு கேள்விக்குறிகளை இட்டது. விருந்துகளில் போட்டுக் கேட்டுச் சிரிக்கும் தட்டாக அது உலகெங்கும் பரவியது. பாடகர் டேவிட் போவி 2003இல் தமக்குப் பிடித்த தட்டுகளைப் பட்டியலிட்டபோது இதையும் சேர்த்தார். ஒலித்தட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. அதில் குரல் கேட்கும். கூடத்தில் அமர்ந்திருந்தவர்களின் முகங்கள் தெரியா, பாடியவர் விரல்கள் முடங்கிய பியானோ கலைஞர் என்பது தெரியாது. சூழலிலிருந்து அறுத்தெடுக்கப்பட்ட குரல் வெறும் வேடிக்கையாகச் சுருங்கியதில் வியப்பில்லை.

குரலைச் சுற்றி இருந்த மனிதர்களை ஒவ்வொருவராக மீட்டுக் கொண்டுவந்தது நாடக மேடை. ஸ்டீபன் டெம்பர்லி எழுதிய சுவெனிர் என்ற நாடகம், மக்மூன் தம் நினைவுகளைக் கூறும் இருநபர் நாடகமாக 2004இல் நியூயார்க்கின் சிறு அரங்கிலும் 2005இல் பிராட்வேயிலும் நடந்தது. ஃபுளோரன்ஸாக நடித்த ஜூடி கே டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பக்கவாத்தியக்காரரின் கண்ணால் பார்த்ததால், அதுவரை கேட்டுச் சிரிக்க மட்டுமே பயன்பட்ட குரலுக்குப் பின்னே ஓர் உறவு இருந்தது புலப்பட்டது. அதே 2005இல் லண்டனில் பீட்டர் குவில்ட்டரின் குளோரியஸ் நாடகம் மொரீன் லிப்மன் நடிப்பில் மேடையேறியது. அது நண்பர் வட்டத்தின் கலகலப்பை முன்னிறுத்தியது.

திரையில் முந்திக்கொண்டவர் பிரெஞ்சு இயக்குநர் சவியே ஜியனோலி. 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்ட அவருடைய மார்கரீத், ஃபுளோரன்ஸின் வரலாற்றை 1920களின் பிரான்சுக்கு மாற்றி, பெயர்களையும் மாற்றிக்கொண்டது. கத்தரீன் ஃப்ரோ நடித்த மார்கரீத், கணவரின் அன்பு கிட்டாததாலேயே பாடுகிறாள். தன் குரலின் ஒலிப்பதிவைக் கேட்கும் தருணமே அவளை வீழ்த்துகிறது. சிறந்த நடிகை உள்ளிட்ட 4 செசார் விருதுகளைப் பெற்ற இப்படம் ஃப்ரியர்ஸின் படத்தைவிட இருண்டது, கண்டிப்பானது. இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக ஆர்சன் வெல்ஸின் சிட்டிசன் கேன் (1941) படத்தைச் சொல்வதுண்டு. அதில் செல்வாக்குமிக்க கணவன் தன் மனைவியை அவள் விருப்பத்துக்கு மாறாகவே ஓப்பரா மேடையில் ஏற்றி அவமானப்படச் செய்கிறான். பணம் தரும் அரங்கு என்பது இரண்டு கதைகளுக்கும் பொது. ஆனால் ஃபுளோரன்ஸ் தாமே விரும்பி மேடையேறியவர். அந்த ஒரு வேற்றுமையே துன்பியலை நகைச்சுவை நாடகமாக மாற்றுகிறது.

திரைப்படத்தின் உருவாக்கம்

டேஞ்சரஸ் லையசன்ஸ் (1988), தி குவீன் (2006), ஃபிலோமினா (2013) ஆகிய படங்களால் அறியப்பட்ட ஃப்ரியர்ஸ், 2015 மே மாதத்தில் படப்பிடிப்பைத் தொடங்கினார். கதை நியூயார்க்கில் நடந்தாலும் படம் இங்கிலாந்திலேயே எடுக்கப்பட்டது: லிவர்பூல் நகரத் தெருக்கள் 1940களின் மன்ஹாட்டனாகவும், லண்டனின் ஹாமர்ஸ்மித் அப்பல்லோ அரங்கு கார்னகி அரங்காகவும் மாற்றப்பட்டன. ஒளிப்பதிவை டேனி கோஹனும், ஆடை வடிவமைப்பைக் கோன்சோலட்டா பாயிலும், பின்னணி இசையை அலெக்ஸாந்தர் தெஸ்ப்லாவும் மேற்கொண்டனர்.

இளமையில் எஸ்டெல் லீப்லிங் என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடம் ஓப்பரா பாட்டுப் பயின்றவரான மெரில் ஸ்ட்ரீப், இப்படத்துக்காக ஆர்தர் லெவியிடம் பயிற்சி எடுத்து, பாடல்களை முதலில் பிழையின்றிக் கற்றுக்கொண்டு, அதன் பிறகே எங்கெங்கே வழுவ வேண்டும் என்பதைத் தேர்ந்தார். வழுவலைக் கண்டபடி நிகழ்த்தினால் கேலிச்சித்திரமே மிஞ்சும். சரியான சுரத்தை நோக்கிச் செல்லும் முயற்சி கேட்பவருக்குத் தெரிந்தால்தான் அதன் தவறுதல் மனத்தைத் தொடும். ஸ்ட்ரீப்பின் பாட்டில் அந்த முயற்சி ஒவ்வொரு அடியிலும் கேட்கிறது. பியானோ வாசிக்கத் தெரிந்தவரான ஹெல்பெர்க்கும் படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாக வாசிக்க, பாட்டும் பக்கவாத்தியமும் அங்கேயே பதிவாயின. முன்னரே பதிந்த ஒலிக்கு வாயசைக்கும் வழக்கத்தை விட்டதனால், ஃபுளோரன்ஸ் ஒரு சுரத்தைத் தவறவிடும் நொடியில் மக்மூனின் முகத்தில் ஓடும் திகைப்பும், உடனே விரல்கள் அதைச் சமாளிக்கும் விதமும் ஒரே வீச்சில் திரையில் பிடிபட்டுள்ளன.

கதையமைப்பும் வரலாற்றிலிருந்து விலகல்களும்

கதை 1944இல் நடக்கிறது. பக்கவாத்தியக்காரரைத் தேடும் ஃபுளோரன்ஸ், ஓங்கி அடித்து வாசிக்கும் பலரை ஒதுக்கிவிட்டு, சென்-சான்ஸின் அன்னம் என்ற மென்மையான உருப்படியை வாசிக்கும் மக்மூனைத் தேர்ந்தெடுக்கிறார். முதல் பயிற்சியில் அவர் குரலைக் கேட்டு மக்மூன் அடையும் அதிர்ச்சியைப் படம் நகைச்சுவையாகக் காட்டினாலும், அவரைச் சுற்றியுள்ள அனைவரும் அக்குரலைப் புகழ்வதைக் கண்டு அவர் குழம்பும் இடத்தில் நகைப்போடு ஒரு கனமும் வந்து சேர்கிறது. பேஃபீல்டு பத்திரிகையாளர்களுக்குப் பணம் கொடுக்கிறார், கூட்டத்தைப் பொறுக்கி எடுக்கிறார், மோசமான விமர்சனம் வந்த நாளிதழ்களை வாங்கி அகற்ற ஓடுகிறார். அதே வேளையில் தனி வீட்டில் கேத்லீன் (ரெபெக்கா ஃபெர்குசன்) என்ற இளம் பெண்ணோடும் வாழ்கிறார். ஃபுளோரன்ஸின் நோய் காரணமாக அவருக்கும் பேஃபீல்டுக்கும் இடையே உடலுறவு இல்லை என்பதைப் படம் தெளிவாகவே உணர்த்துகிறது. கிராண்டின் நடிப்பில் இந்த இரட்டை வாழ்க்கை வஞ்சகமாகத் தோன்றாமல், அன்பின் கடமையையும் தம் உடலின் தேவையையும் சுமக்கத் திணறும் ஒருவரின் நிலையாக வெளிப்படுகிறது. அவருடைய திரைவாழ்வின் ஆகச் சிறந்த நடிப்புகளுள் ஒன்று இது.

படத்தின் இதயம் ஒரு சிறு காட்சியில் இருக்கிறது. முன்னறிவிப்பின்றி மக்மூனின் எளிய வீட்டுக்கு வரும் ஃபுளோரன்ஸ், கழுவாமல் கிடக்கும் பாத்திரங்களைக் கழுவிவைக்கிறார். தாம் சிறுமியாக இருந்தபோது பியானோ வாசித்ததைச் சொல்கிறார். பின்னர் பியானோ முன் அமர்ந்து, ஷோப்பனின் இசைச்சிற்றுரு ஒன்றை நல்ல நிலையில் உள்ள ஒரு கையால் வாசிக்க, மற்றக் கைப் பகுதியை மக்மூன் அருகில் அமர்ந்து நிரப்புகிறார். அதுவரை அவரைப் பணம் தரும் வினோதமான முதலாளியாகப் பார்த்த மக்மூனும், பார்வையாளரும், அவருக்குள் இருக்கும் மெய்யான இசைக் கலைஞரை அப்போது காண்கின்றனர். சொல்விளக்கம் ஏதுமின்றி இதைச் செய்துகாட்டியது ஃப்ரியர்ஸின் தேர்ச்சி.

வரலாற்றோடு ஒப்பிட்டால் விலகல்கள் பல உண்டு. மக்மூன் 1944இல் புதிதாக வந்தவர் அல்லர். பல ஆண்டுகளாகவே அவருக்கு வாசித்துவந்தவர். 1941இன் ஒலித்தட்டுகள் படத்தில் 1944க்குத் தள்ளப்பட்டுள்ளன. முதல் கச்சேரியில் சிரிப்புத் தாங்காமல் தவழ்ந்து வெளியேறி, கார்னகி அரங்கிலோ எழுந்து நின்று கூச்சலிடுவோரை அடக்கும் ஆக்னஸ் ஸ்டார்க் (நீனா அரியாண்டா) கற்பனைப் பாத்திரம். எனினும் கேலி செய்தவர்கள் காவலர்களாக மாறும் திசையைக் காட்ட இப்பாத்திரம் நன்கு பயன்பட்டுள்ளது. படத்தின் உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. ஃபுளோரன்ஸைச் சூழ்ந்தோர் காட்டிய பரிவில் அவருடைய செல்வத்துக்கு இருந்த பங்கைப் படம் தொட்டுவிட்டு விரைவாக நகர்ந்துவிடுகிறது. இசைக்குழு நடத்துநர் தோஸ்கனினி போன்ற மேதைகளே கொடை வேண்டி அவரிடம் வருவதாகக் காட்டும் தொடக்கக் காட்சி அந்தக் கேள்வியை எழுப்புகிறது. பின்பகுதி அதற்குத் திரும்புவதில்லை. இவ்விடத்தில் ஜியனோலியின் மார்கரீத் அதிகத் துணிவு காட்டியது.

வரவேற்பு

ஸ்ட்ரீப்புக்கு இப்படம் அவருடைய 20ஆவது ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத்தந்தது; ஆடை வடிவமைப்புக்காகப் பாயிலும் பரிந்துரைக்கப்பட்டார். கோல்டன் குளோப் விருதுகளில் படம், ஸ்ட்ரீப், கிராண்ட், ஹெல்பெர்க் என 4 பரிந்துரைகள் கிடைத்தன. பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் ஒப்பனை, சிகையலங்காரத்துக்கான விருதை ஜே. ராய் ஹெலண்டும் டேனியல் ஃபிலிப்ஸும் வென்றனர். நோயின் விளைவாக ஃபுளோரன்ஸ் தலைமுடியை இழந்திருந்ததையும், அதைப் பொய்முடியால் மறைத்து மேடையேறியதையும் படம் ஒரு காட்சியில் காட்டுகிறது. அந்த விருதின் பொருத்தம் அக்காட்சியிலேயே விளங்கும்.

தாம் பாடத் தெரியாதவர் என்று பிறர் சொல்லலாம், பாடவில்லை என்று எவரும் சொல்ல முடியாது என்னும் கருத்துப்பட ஃபுளோரன்ஸ் கூறியதாக வழங்கும் சொல்லைப் படம் அவருடைய இறுதிக் கணங்களில் வைக்கிறது. பேஃபீல்டு 1967 வரை வாழ்ந்தார்; ஃபுளோரன்ஸ் மறைந்தபின் கேத்லீனை மணந்துகொண்டார். மக்மூன் 1980இல் காலமானார். இப்படத்தைக் காண விரும்புவோர் 1941இன் ஒலித்தட்டுப் பதிவுகளை முன்னதாக ஒருமுறையும், படம் பார்த்தபின் ஒருமுறையும் கேட்பது நல்லது. இரண்டாம் முறை கேட்கும்போது, குரலோடு பியானோவையும் தனியே கவனித்துக் கேட்க வேண்டும்.